தூதரும் தோழமையும்



பத்தாம் ஆண்டு விழாவில் பேச எனக்கு வாய்ப்பளித்தபோது, தலைப்பை என் விருப்பத்திற்கே விட்டுவிட்டனர். ‘தூதரும் தோழமையும்’ என்று நான் சொன்னதும் அமைப்பாளர்கள் சற்றே வியந்தனர். கவிதைக்கும் தூதுக்கும் உறவு உண்டு. அன்னத்தையும் மேகத்தையும் நெஞ்சையும் தூதுவிட்ட இலக்கியம் நம்முடையது. ஆனால் நான் பேச வந்தது அந்தத் தூதைப்பற்றி அன்று. நாட்டுக்கு நாடு அரசு அனுப்பும் தூதர்களைப்பற்றி. அதிலும் நட்பு நாடுகளின் தூதர்களுக்கிடையே மலரும் தனிமனித நேயத்தைப்பற்றி. பட்டும் கோயிலுமாக வாழும் காஞ்சிக்கு இதில் என்ன தொடர்பு என்று ஒருவர் கேட்டார். அவருக்கு நான் அளித்த விடையே இன்றைய உரையின் தொடக்கம்.

தூதனுக்குக் கோயில் எடுத்த ஊர் நம் ஊர். ஏகாம்பரநாதர் கோயிலுக்கு அண்மையில் உள்ள திருப்பாடகத்தில் பாண்டவதூதப் பெருமாள் வீற்றிருக்கிறார். ஆழ்வார்கள் பாடிய தலம் அது. குழல் ஊதும் கண்ணனாகவோ தேர் செலுத்தும் கண்ணனாகவோ அவர் அங்கே காட்சி தரவில்லை. ஒரு தரப்பின் சொல்லைச் சுமந்துகொண்டு மறுதரப்பின் அவைக்குச் சென்ற தூதராகவே, நெடிதுயர்ந்த திருமேனியோடு அமர்ந்திருக்கிறார். தூது என்னும் தொழிலையே தெய்வத்தின் பெயராக வைத்து வணங்கும் ஊரில் தூதரைப்பற்றிப் பேசாமல் வேறு எங்கே பேசுவது?

வள்ளுவர் தூதுக்கென ஓர் அதிகாரம் வகுத்தார் என்பது நீங்கள் அறிந்ததே. பொருட்பாலில் 69ஆம் அதிகாரம் அது. அதன் முதல் குறளில் தூதனின் பண்புகளை அடுக்கும்போது அன்பையே முதலில் வைக்கிறார். இரண்டாம் குறளில் இன்றியமையாத மூன்றைச் சொல்லும்போதும் அன்புதான் முதலில் நிற்கிறது. அறிவும் சொல்வன்மையும் அதற்குப் பின்னரே வருகின்றன. அரசியல் தொழில் ஒன்றுக்கு இலக்கணம் கூறும் இடத்தில் அன்புக்கு இவ்வளவு முதன்மையா என்று வியக்கத் தோன்றும்.

அந்த அன்பு யார்மேல் வைத்த அன்பு? காஞ்சியைச் சேர்ந்தவர் என மரபு போற்றும் பரிமேலழகர் இதற்குத் தெளிவாக விடை கூறுகிறார். முதல் குறளில் உள்ளது தன் சுற்றத்தார்மேல் கொண்ட அன்பு. இரண்டாம் குறளில் உள்ளது தன் அரசன்மேல் கொண்ட அன்பு. உரை பொருத்தமானதே. தன் குடியையும் தன் வேந்தனையும் நேசியாதவன் விலைபோய்விடுவான். அவனிடம் தூதை ஒப்படைக்க இயலாது.

ஆயினும், ஐயா, ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. எதிரே அமர்ந்திருக்கிறானே, மற்றொரு நாட்டின் தூதன் அல்லது அமைச்சன், அவன்மேல் அன்பு வைக்கலாமா? ஆண்டுக்கணக்கில் ஒரே மேசையில் உண்டு, ஒருவர் வீட்டு நன்மை தீமைகளில் மற்றவர் பங்கேற்று, இருவரும் உண்மையான நண்பர்களாகிவிட்டால், அந்த நட்பு அவரவர் கடமைக்குத் துணையா, தடையா? அந்த நட்பு உண்மையாக இருக்க முடியுமா, அல்லது அதுவும் தொழிலின் ஒரு வேடந்தானா? இந்தக் கேள்வியைத்தான் உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

பாடகத்துப் பெருமானின் கதையிலேயே இதற்கு முதல் சான்று கிடைக்கிறது. அத்தினாபுரிக்குத் தூது வந்த கண்ணன் துரியோதனன் அரண்மனையில் தங்கவில்லை. விதுரன் வீட்டில் விருந்துண்டான். விதுரனோ எதிர்த்தரப்பின் அமைச்சன். அந்த அரசனின் சோற்றை உண்பவன். அவனுக்குச் சிற்றப்பன் முறையினன். வந்த தூதனுக்கு அவன் அளித்த விருந்தில் கரவு இல்லை. ஆனால் அந்த விருந்துக்கு அவன் கொடுக்க நேர்ந்த விலை பெரிது. அவை நடுவே துரியோதனன் அவன் பிறப்பையே பழித்துப் பேச, அந்த இழிவு பொறாமல் விதுரன் தன் வில்லை ஒடித்தெறிந்தான் என்று வில்லிபாரதம் சொல்கிறது. கௌரவர் பக்கம் நின்று போரிட்டிருக்கவேண்டிய பெருவில் ஒன்று போருக்கு முன்பே முறிந்தது. அதற்காகத்தான் கண்ணன் அங்கே விருந்துண்டான், எல்லாம் அவன் சூழ்ச்சி என்று கதை சொல்வோரும் உண்டு.

இந்த ஒரு நிகழ்ச்சியில் தூதர் நட்பின் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. அன்பாகப் பார்த்தால் அன்பு. சூழ்ச்சியாகப் பார்த்தால் சூழ்ச்சி. வெளியிலிருந்து காண்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். சொந்த நாட்டார் ஐயுறுவர். பகை நாட்டார் பயன்கொள்ள நினைப்பர். எதிர்த்தரப்பில் ஒரு நண்பனைக் கொண்டவன் இந்த இரு பக்கத்து ஐயத்தையும் தாங்கியே ஆகவேண்டும்.

இனி நம் சங்கச் சான்றோரிடம் செல்வோம். தூது என்றதும் தமிழர் நெஞ்சில் முதலில் எழும் உருவம் ஔவையாருடையது. அதியமான் நெடுமான் அஞ்சி அவரைத் தொண்டைமானிடம் தூது அனுப்பினான். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டித் தன் வலிமையை உணர்த்த முயன்றான். ஔவையார் அவன் படைக்கலங்களின் பொலிவைப் போற்றுவதுபோலப் பேசி, அதியமானின் படைக்கலங்கள் போரில் சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடப்பதைக் குறைபோலக் கூறினார். புறநானூற்றின் 95ஆம் பாடல் அது. புகழ்வதுபோலப் பழித்தலுக்கும் பழிப்பதுபோலப் புகழ்தலுக்கும் நாம் தலைமுறை தலைமுறையாகக் காட்டிவரும் சான்று.

இதை நான் வேறொரு கோணத்தில் நோக்குகிறேன். ஔவையார் ஏன் நேரே சொல்லவில்லை? ‘நீ போர்க்களம் காணாதவன், அதியமானோடு மோதாதே’ என்று நேராகச் சொல்லியிருக்கலாமே? சொல்லியிருந்தால் தூது அங்கேயே முறிந்திருக்கும். அந்த அவையில் அவருக்கு மதிப்பு இருந்தது, உரிமை இல்லை. உரிமை இல்லாத இடத்தில் உண்மை போர்வை போர்த்துக்கொண்டுதான் நுழையவேண்டும். ஔவையாரின் சொற்றிறம் அந்தப் போர்வையின் அழகு. நாம் அழகைப் போற்றுகிறோம். அதற்கு நேர்ந்த தேவையை மறந்துவிடுகிறோம்.

இதனோடு 58ஆம் பாடலை ஒப்பிட்டுப் பாருங்கள். சோழன் குராப்பள்ளித் துஞ்சிய பெருந்திருமாவளவனும் பாண்டியன் வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதியும் ஒருங்கிருந்தபோது காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனார் அவர்களைப் பாடினார். அங்கே போர்வை எதுவும் இல்லை. நீங்கள் இருவரும் இப்படியே கூடியிருங்கள், ஒருவர்க்கொருவர் துணையாகுங்கள், உங்களைப் பிரிக்க நினைத்து நடுவில் புகுவாரின் பேச்சுக்குச் செவி கொடுக்காதீர்கள் என்று இரு வேந்தரின் முகம்நோக்கி அறிவுரை கூறுகிறார். நட்பு நிலவிய அவை ஆதலின் புலவருக்கு நேர்பட உரைக்க இயன்றது. மகிழ்ச்சி நிறைந்த அந்த வேளையிலும் பிரிவு வரக்கூடும் என்னும் அச்சத்தை அவர் மறைக்கவில்லை.

இந்த இரு பாடல்களின் நடுவில்தான் என் விடை கிடைக்கிறது. நட்பு தூதனுக்குத் தருவது இனிமை அன்று. நேரே சொல்லும் உரிமை. விருந்தும் சிரிப்பும் கைகுலுக்கலும் அந்த உரிமைக்குச் செல்லும் வாயில்கள் மட்டுமே. நண்பன் நெறி தவறும்போது அவனைத் தடுத்துரைக்கும் கடமையை வள்ளுவர் நட்பின் பயனாகவே வைத்தார் அல்லவா? இரு நாடுகளின் தூதரிடையே தோன்றும் தோழமைக்கும் அந்த அளவுகோலே பொருந்தும். கசப்பான ஒரு செய்தியை அது சொல்ல வைத்ததா, கேட்க வைத்ததா? வைத்ததெனில் அது நட்பு. இல்லையெனில் அது நல்ல நாகரிகம், அவ்வளவே.

இப்போது காஞ்சியிலிருந்து புறப்பட்ட ஒரு தூதரை உங்களுக்கு நினைவூட்டுகிறேன். கயிலாசநாதர் கோயிலை எடுப்பித்த இராசசிம்மனாகிய இரண்டாம் நரசிம்மவர்மன் 720ஆம் ஆண்டில் சீனத்தின் தாங் மரபுப் பேரரசர் சுவான்சோங் அவைக்குத் தூது அனுப்பினான். சீன வரலாற்று நூல்கள் இதைப் பதிவுசெய்துள்ளன. அரபியரையும் திபெத்தியரையும் எதிர்த்துத் தன் போர்யானைகளையும் குதிரைப்படையையும் பயன்படுத்த விரும்புவதாகவும், அந்தப் படைக்குப் பேரரசரே ஒரு பெயர் சூட்டவேண்டும் எனவும் பல்லவன் கேட்டான். அறத்தைப் போற்றும் படை என்னும் பொருள்படச் சீனப் பேரரசர் பெயர் சூட்டினார். பேசும் ஐந்நிறக் கிளி ஒன்று காஞ்சியிலிருந்து காணிக்கையாகச் சென்றது. சீனப் பேரரசின் பொருட்டுப் பல்லவன் ஒரு கோயில் எடுத்ததையும், அதற்குப் பெயர்ப்பலகை வேண்டிப் பெற்றதையும் அந்த நூல்கள் கூறுகின்றன.

இவற்றுள் என் நெஞ்சைத் தொட்டது வேறொரு சிறு குறிப்பு. எங்கள் பக்கத்தவர் அங்கியையும் கச்சையையும்தான் பெருஞ்சிறப்பாகக் கருதுவர் என்று தூதர் பேரரசரிடம் சொன்னாராம். உடனே பேரரசர் பூவேலைப் பட்டாடை, பொற்கச்சை, மீன்பை ஆகியவற்றை அவருக்கு வழங்கினார். மீன்பை என்பது தாங் அரசவையின் உயர் அலுவலர்கள் இடையில் அணிந்த அடையாளப் பை. வேற்று நாட்டிலிருந்து வந்தவருக்குத் தம் அவையோரின் அடையாளத்தையே பேரரசர் அணிவித்திருக்கிறார். பட்டுக்குப் பேர்போன நம் ஊரின் தூதருக்குச் சீனத்துப் பட்டு பரிசாகக் கிடைத்தது!

அரசர்க்கும் அரசர்க்கும் இடையே யானையும் படைப்பெயரும் பரிமாறப்பட்டன. அவை நாட்டின் கணக்கு. ஆனால் பட்டாடை ஒரு மனிதர் வாய்விட்டுக் கேட்டு மற்றொரு மனிதர் மகிழ்ந்து கொடுத்தது. வாய்விட்டுக் கேட்க அந்தத் தூதருக்கு எங்கிருந்து துணிவு வந்தது? கேட்டால் தவறாக எண்ணமாட்டார் என்னும் நம்பிக்கை அந்த அவையில் அவருக்குப் பிறந்திருக்கவேண்டும் என்றே நான் கருதுகிறேன். பல்லவரின் யானைப்படை சீனர்க்குத் துணையாகச் சென்று போரிட்டதாகப் பதிவு இல்லை. தூதரின் பெயரும் பதிவாகவில்லை. கிளியின் நிறத்தை எழுதிவைத்த எழுத்தர், அதைக் கொண்டுவந்த மனிதரின் பெயரை எழுதவில்லை. தூதர் தொழிலின் இயல்பு அப்படி. நட்பின் பயன் நாட்டுக்கு. நட்பு கொண்டவர் மறைந்துபோவார்.

அந்தத் தூது சென்று 1299 ஆண்டுகள் கழித்து, 2019ஆம் ஆண்டு அக்டோபர் 11, 12ஆம் நாட்களில், பல்லவர் துறையாகிய மாமல்லபுரத்தில் இந்தியப் பிரதமரும் சீனக் குடியரசுத் தலைவரும் சந்தித்தனர். முந்தைய ஆண்டு ஊகானில் நடந்த சந்திப்பின் தொடர்ச்சி அது. இந்தியாவும் சீனமும் கூட்டணி நாடுகள் அல்ல. ஆயினும் தலைவர்களிடையே தனிமனித நேயம் வளரவேண்டும் என்னும் நோக்கத்தோடுதான் அந்தச் சந்திப்பு முறைசாராச் சந்திப்பாக அமைக்கப்பட்டது. கோவை மாவட்டத்துச் சிறுமுகை நெசவாளர்கள் சீனத் தலைவரின் உருவத்தையே பட்டில் நெய்து கொடுத்தனர். 720இல் வந்த பட்டுக்கு 2019இல் நாம் பட்டால் விடைகொடுத்தோம் என்று அன்று பெருமை கொண்டவர்களுள் நானும் ஒருவன். ஆனால் 2020ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் கல்வான் பள்ளத்தாக்கில் நடந்த மோதலில் நம் வீரர்கள் 20 பேர் உயிர்நீத்தனர். பட்டின் மீதோ, நெய்தவர் மீதோ குறை இல்லை. உலகம் பார்க்க ஒளிரும் விளக்குகளின்கீழ் இரண்டு நாள் காட்டும் நேயம், எல்லையில் நிற்கும் சிக்கலைத் தானாகத் தீர்த்துவிடாது என்பதே பாடம்.

அப்படியாயின் நேயத்துக்குப் பயனே இல்லையா? உண்டு. அதற்கு உண்மையான நட்பு நாடுகளிடையே நடந்த சிலவற்றைப் பார்க்கவேண்டும். கடல் கடந்து சென்றாலும், கவிஞர்களாகிய உங்களுக்கு உறவான இருவரையே முதலில் காட்டுகிறேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாசிங்டனில் பிரான்சின் தூதராக இருந்தவர் ழூல் ழூசெரான். 1903 முதல் 1925 வரை, ஒரே நகரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பணியாற்றினார். இடைக்கால ஆங்கில இலக்கியத்தில் ஆழ்ந்த புலமை உடையவர். வரலாற்று நூலுக்கான புலிட்சர் பரிசு 1917இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர் இந்தத் தூதர்தாம். குடியரசுத் தலைவர் தியோடர் ரூசுவெல்ட்டுக்கு நெருங்கிய நண்பர். ரூசுவெல்ட்டுக்குக் காடுமேடாக நடப்பதிலும் ஆற்றில் குதிப்பதிலும் பெருவிருப்பம். ஒருநாள் நீந்துவதற்காக எல்லோரும் ஆடை களைந்தபோது ழூசெரான் கையுறையை மட்டும் கழற்றவில்லையாம். ஏன் என்று கேட்டதற்கு, வழியில் பெண்மணிகள் எவரேனும் எதிர்ப்பட்டால் என்ன செய்வது என்றாராம்! இது அவரைப்பற்றி வழங்கும் கதை. இப்படிச் சிரித்துப் பழகிய பழக்கந்தான் 1905, 1906ஆம் ஆண்டுகளில் மொராக்கோவைப்பற்றிப் பிரான்சும் செருமனியும் போரின் விளிம்புவரை சென்றபோது பயன்பட்டது. ரூசுவெல்ட்டு தம் எண்ணத்தை ழூசெரானிடம் ஒளிவின்றிச் சொன்னார். பிரெஞ்சு அரசு அதை நம்பியது. வாசிங்டனின் ராக் கிரீக் பூங்காவில் ழூசெரான் நினைவாக 1936இல் ஒரு கல் இருக்கை நிறுவப்பட்டது. நண்பர்கள் நடந்த பாதையில் அமர்வதற்கு ஓர் இருக்கை. தூதருக்கு இதைவிடப் பொருத்தமான நினைவுச் சின்னம் வேறு இல்லை.

முதல் உலகப் போர் மூண்டபோது அதே நகரில் நேச நாடான பிரிட்டனின் தூதராக இருந்தவர் செசில் ஸ்பிரிங் ரைஸ். இவர் கவிஞர். இவரும் ரூசுவெல்ட்டின் நண்பர். 1886இல் இலண்டனில் நடந்த ரூசுவெல்ட்டின் திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழராக நின்றவரே இவர்தாம். ஆனால் இவர் தூதராக 1913இல் வாசிங்டனுக்கு வந்தபோது அங்கே ஆட்சியில் இருந்தவர் ரூசுவெல்ட்டின் அரசியல் எதிரியான உட்ரோ வில்சன். இளமையில் தேடிக்கொண்ட நட்பே இப்போது சுமையாயிற்று. எதிரணியின் நண்பர் என்ற பார்வை அவர்மேல் விழுந்தது. 1917இல் அமெரிக்கா நேச நாடுகளின் பக்கம் போரில் இறங்கியது. அவர் விரும்பியது நிறைவேறியது. மறு ஆண்டு சனவரியில் அவர் பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார். அந்தப் பிரிவின் வேளையில் நாட்டுப்பற்றையும் அதைக் கடந்த இன்னொரு நாட்டையும் பாடிய ஒரு கவிதையைத் திருத்தி எழுதினார். பிப்ரவரியில் ஒட்டாவா நகரில் காலமானார். அவர் மறைந்த பின் அக்கவிதை இசையமைக்கப்பட்டு இன்றும் பாடப்படுகிறது.

ஒரே மனிதரோடு கொண்ட நட்பு ஒரு தூதருக்கு வாயிலாகவும் மற்றொரு தூதருக்குச் சுவராகவும் ஆயிற்று. ஆதலின் நட்பு எப்போதும் பயன்தரும் என்று நான் வாதிட வரவில்லை. பயன் கருதி வாங்கி வைக்கும் பண்டம் அன்று அது. பழைய நண்பரை மறைத்திருந்தால் ஸ்பிரிங் ரைஸின் பணி எளிதாகியிருக்கலாம். ஆனால் அப்படி மறைப்பவரை எவர் நம்புவார்?

இன்னும் ஒரு சான்று. இங்கே நட்பின் வலிமையும் குறையும் ஒரே ஆண்டில், ஒரே இருவரிடையே காணக் கிடைக்கின்றன. அமெரிக்கத் தலைவர் சான் கென்னடியும் பிரிட்டிசுத் தூதர் டேவிட் ஆர்ம்சுபி-கோரும் 1938 முதல் நண்பர்கள். கென்னடியின் தந்தை இலண்டனில் அமெரிக்கத் தூதராக இருந்த காலத்தில் தொடங்கிய பழக்கம் அது. 1962 அக்டோபரில் கியூபாவில் சோவியத்து ஏவுகணைகள் வைக்கப்பட்டதால் உலகமே அணுப்போரை எண்ணி நடுங்கியபோது, கடல் முற்றுகைக் கோட்டைக் கியூபாவிலிருந்து 800 கடல் மைல் தொலைவில் அமைக்கத் திட்டமிட்டிருந்தனர். அக்டோபர் 23ஆம் நாள் இரவு வெள்ளை மாளிகையில் விருந்துக்கு வந்த ஆர்ம்சுபி-கோர், கோட்டை இன்னும் அருகில், 500 மைலில், அமைத்தால் சிந்திப்பதற்குக் குருச்சேவுக்குச் சில மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும் என்று யோசனை கூறினார். கென்னடி ஏற்றுக்கொண்டார். இதைப் பதிவு செய்தவர் அவருடைய தம்பி இராபர்ட் கென்னடி. நள்ளிரவை நெருங்கும் வேளையில், ஒரு பேரரசின் தலைவரிடம், உங்கள் படைத்தலைவர் வரைந்த கோட்டை மாற்றுங்கள் என்று அயல்நாட்டுத் தூதர் சொன்னார் எனில், இருபத்துநான்கு ஆண்டு நட்பு தந்த உரிமையே அது.

ஆனால் இரண்டு மாதங்கள்கூடச் செல்லவில்லை. பிரிட்டன் பெரிதும் நம்பியிருந்த ‘ஸ்கைபோல்ட்’ ஏவுகணைத் திட்டத்தை அமெரிக்கா கைவிட முடிவுசெய்தபோது இரு நேச நாடுகளுக்கிடையே பெரும் மனக்கசப்பு எழுந்தது. டிசம்பரில் பகாமாசுத் தீவின் நாசோ நகரில் கென்னடியும் பிரதமர் மக்மில்லனும் நேரில் அமர்ந்து, ‘போலாரிசு’ ஏவுகணையை மாற்றாக அளித்து அதைத் தீர்த்தனர். இவ்வளவு நெருங்கியவர்களிடையே இப்படி ஏன் நேர்ந்தது என்பதை ஆராயுமாறு பேராசிரியர் ரிச்சர்டு நூசுட்டாட் என்பவரைக் கென்னடி பணித்தார். 1963 நவம்பரில் அளித்த அறிக்கையில் அவர் காட்டிய காரணம் நம் சிந்தனைக்குரியது. மாற்று வேண்டும் என்று பிரிட்டன் கேட்கட்டும் என்று அமெரிக்க அமைச்சர் காத்திருந்தார்; மாற்றைத் தருவதாக அமெரிக்கா சொல்லட்டும் என்று பிரிட்டிசு அமைச்சர் காத்திருந்தார். நம்மவர்தாமே, சொல்லாமலே அறிவர் என்று இருவரும் வாளாவிருந்தனர்.

அன்பர்களே, இதை நான் மீண்டும் சொல்ல விரும்புகிறேன். பகைவரிடையே போர் மூள்வது கடுஞ்சொல்லால். நண்பரிடையே பிளவு வருவது பெரும்பாலும் சொல்லாச் சொல்லால். முற்றுகைக் கோட்டின்போது நட்பு பேசியது. உலகம் சற்றே மூச்சுவிட்டது. ஏவுகணைச் சிக்கலின்போது நட்பு வாய்மூடி இருந்தது; அதுவே சிக்கலாயிற்று. நட்பு ஒன்றுதான், அது பேசிற்றா, பேசவில்லையா என்பதே வேறுபாடு.

மீண்டும் ஊர் திரும்புவோம். பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் நடந்தால் இன்றும் தறியின் ஓசை கேட்கிறது. கோர்வைச் சேலை நெய்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறொரு நிறம். மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். தனி ஒருவரால் இயலாது. நெசவாளருக்குத் துணையாக ஒரு பக்கத்தில் மற்றொருவர் அமர்ந்து கரை நாடாவை எறிவார். ஒவ்வோர் ஊடையிலும் உடலின் இழையும் கரையின் இழையும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு திரும்பும். உடலின் நிறம் கரைக்குள் புகாது. கரையின் நிறம் உடலுக்குள் கசியாது. ஆனால் பற்று விடாது. சேலை நைந்தாலும் கரை பிரியாது என்று நம் நெசவாளர் பெருமையோடு சொல்வது இதனால்தான்.

இரு நாட்டுத் தூதரின் தோழமைக்கு இதைவிட நல்ல உவமை எனக்குக் கிடைக்கவில்லை. அவரவர் நிறம் அவரவர்க்கு. பரிமேலழகர் சொன்ன அன்பு தன் குடிமேலும் தன் அரசன்மேலும் மாறாது நிற்கவேண்டும். அது கரைந்துபோனால் தூதன் இல்லை. ஆயினும் ஒவ்வொரு முறையும், ஒவ்வோர் இழையிலும், மற்றவனைப் பற்றித் திரும்பவேண்டும். பத்தடி நெய்துவிட்டோம், இனிப் பற்றாமலே நெய்யலாம் என்று விட்டால் அந்த இடத்தில் பட்டு வாய்விடும். நாசோவுக்கு முன் நேர்ந்தது அதுவே. கோர்வை நெய்யும் கைகள் நம் ஊரில் குறைந்துவருகின்றன. இருவர் அமர்ந்து செய்யும் வேலைக்கு நேரமும் கூலியும் மிகுதி. தூதர் தொழிலிலும் அப்படித்தான். விரைந்த செய்திகள் பெருகிய காலத்தில் ஒரே இடத்தில் இருபது ஆண்டு இருந்து பழகும் ழூசெரான்கள் அரியவராகிவிட்டனர்.

முடிக்குமுன் நம்மைப்பற்றியும் ஒரு சொல். இந்த வட்டத்தில் மரபுக் கவிஞரும் உள்ளோம், புதுக்கவிதைக்காரரும் உள்ளோம். சைவரும் வைணவரும் பகுத்தறிவாளரும் பொதுவுடைமையரும் ஒரே பாயில் அமர்கிறோம். ஒருவகையில் நாம் ஒவ்வொருவரும் நம் நம் முகாமின் தூதரே. பத்து ஆண்டுகளாக இந்தத் தோழமை நிலைத்திருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன்: சென்ற சில ஆண்டுகளாக நண்பர் கவிதை வாசித்து முடித்ததும் நாம் கைதட்டுகிறோமே, அது கவிதைக்கா, நண்பருக்கா? தொடக்க ஆண்டுகளில் ஒரு சீருக்காக, ஒரு சொல்லுக்காக நள்ளிரவுவரை வாதிட்டோம். இப்போது நண்பர் மனம் நோகுமே என்று அமைதி காக்கிறோம். நட்பு முதிர்ந்துவிட்டது என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்கிறோம். காரிக்கண்ணனார் இரு வேந்தர் கூடியிருந்த நல்ல வேளையிலும் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விடவில்லை. நாம் வேந்தர்களும் அல்லர். நம்மிடம் ஏவுகணையும் இல்லை. ஒருவர் பாட்டை ஒருவர் திருத்துவதில் நமக்கு என்ன அச்சம்?

பாடகத்துப் பெருமானின் பெயர் நிலைத்தது, அவர் தெய்வம். சீனத்துக்குச் சென்ற நம் ஊர்த் தூதரின் பெயர் நிலைக்கவில்லை, அவர் மனிதர். நான் நினைத்துப் பார்ப்பது அந்த மனிதரைத்தான். மாதக்கணக்கில் கடலும் தரையும் கடந்து, மொழி அறியாத அவையில் நின்று, தமக்கென்று ஒரு பட்டாடையை வாய்விட்டுக் கேட்டவர் அவர். கேட்கவும் கொடுக்கவும் அங்கே இருவர்க்கும் மனம் இருந்தது. நம் வட்டத்தின் அடுத்த பத்து ஆண்டுகளுக்கு நான் வேண்டுவதும் அதுவே: கேட்கும் துணிவும், கேட்டதைத் தவறாக எண்ணாத உள்ளமும்.